தும்பையின் மாசித் திங்கள் நலம்

மழை பொய்யாதிருக்க. மண் சலியாதிருக்க. மறைந்த வேந்தர் செங்கோடனாரின் தேவியும், இளவரசி எழினியின் தாயும், அவள் அரசுகட்டில் ஏறும் நாள்வரை வேங்கைமலை நாட்டைக் காத்து நிற்பவளுமாகிய சேயிழை நங்கை, அலைகடலை மதிலாகவும் உப்பளங்களை வயல்களாகவும் உடைய உப்பங்கரை நாட்டின் அரசி ஆழிநங்கையார் திருமுன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கொற்றம் ஓங்குக. கடல் புகுந்த தங்கள் கலங்கள் யாவும் கரை சேர்க.

தங்கள் மகள் தும்பை உயிரோடும் உடலில் ஊறின்றியும் இருக்கிறாள். இதை யாம் எழுதும்போது எதிர் முற்றத்தில் அமர்ந்து பகலுணவு உண்கிறாள். இவ்வரியை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டு, மற்றவற்றைப் பிறகு படிக்க வேண்டுகிறோம்.

நம் இரு நாடுகளின் உடன்படிக்கைப்படி தும்பை எம் நகரில் வளர்வதும், திங்கள்தோறும் அவள் நலங்கூறும் ஓலை தங்களுக்கு வருவதும் வழக்கம். அவ்வழக்கப்படி மதிலடிப் பள்ளியின் செய்திகளை முன்வைக்கிறோம். அரண்மனைப் பிள்ளைகளும் குயவர், தச்சர், காவலர் பிள்ளைகளும் ஒரே மணலில் அமர்ந்து எழுதும் அப்பள்ளியில், இத்திங்கள் சிறியோர் உயிர்மெய் எழுத்துகளை முடித்தனர். தும்பை ‘ற’கரத்தையும் ‘ர’கரத்தையும் மயங்காமல் எழுதுகிறாள். அவளுடைய முன்பல் ஒன்று விழுந்தது. பள்ளிக்குள் புகுந்த ஆடு ஒன்று பெரியோர் வகுப்பின் கணக்கோலைகளைத் தின்றுவிட்டது; அதற்காக ஆசிரியை வெள்ளைச்சியாரைத் தவிர வருந்தியவர் எவருமிலர்.

இவ்வளவோடு ஓலையைக் கட்டி அரக்கு வைக்குமாறு எம் அமைச்சர் மாறன் கீரனார் கூறினார். எல்லையில் இரு படைகளும் இன்னும் கூடாரம் கலைக்காத வேளை இது என்றும், அறுத்த வரகு இன்னும் கிடங்கு சேராமல் களத்தில் கிடக்கிறது என்றும், பிள்ளைகள் விளையாட்டில் நேர்ந்த ஒன்றைக் கடல்நாட்டு அரசவையின் நடுவே கொண்டுபோய் வைப்பது அறிவன்று என்றும் அவர் எடுத்துரைத்தார். அவர் தீயவர் அல்லர், அஞ்சுகிறார். யானும் அஞ்சுகிறேன். ஆயினும் இதை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் தங்கள் மகளுக்குத் தலைவாரிவிட என்னால் இயலாது. ஓலைநாயகத்தை அனுப்பிவிட்டு என் கையாலேயே எழுதுகிறேன். இனி ‘யாம்’ என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்தருள்க.

தும்பை இங்கு வந்த புதிதில் நன்றாகப் பேசினாள். கேட்டால் “பொறவு சொல்லுதேன்” என்பாள். எங்கள் மலைப்பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு புதிது. முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு நால்வர் சிரித்தனர். சில நாட்களில் அவள் வாயைத் திறந்தாலே வகுப்பு முழுவதும் “சொல்லுதேன், சொல்லுதேன்” என்று ராகம் போட்டது. பிறகு ஒரு விளையாட்டு பிறந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஒட்டு’. தும்பையின் கை யார்மேல் பட்டாலும் அவர்மேல் மீன்நாற்றம் ஒட்டிக்கொண்டதாகக் கணக்கு. அவர் ஓடிச்சென்று இன்னொருவரைத் தொட்டு அதைக் கழித்துவிட வேண்டும். “கருவாடு வருது, மூக்கப் பிடி!” என்று முற்றம் முழுவதும் சிதறி ஓடுவார்கள். நடுவில் தும்பை மட்டும் நிற்பாள்.

இவையெல்லாம் பின்னர் அறிந்தவை. அப்போது எங்கள் கண்ணில் பட்டது வேறு. தும்பை நாள்தோறும் பலமுறை குளித்தாள். செங்கல் பொடியால் கைகளைத் தேய்த்தாள். தூய்மை பேணும் பிள்ளை என்று செவிலியும் நானும் அவளைப் பாராட்டினோம். முழங்கைத் தோல் உரிந்திருந்ததைக் கண்டு வெள்ளைச்சியார் கேட்டபோது, விழுந்துவிட்டதாகக் கையால் காட்டினாளே தவிர வாய் திறக்கவில்லை. அதற்குள் அவள் பேச்சையே விட்டுவிட்டிருந்தாள். அடக்கமான பிள்ளை என்று அதையும் பாராட்டினோம்.

அப்போது தங்கள் நாட்டு உப்பு வண்டிகள் வந்தன. அவற்றோடு தாங்கள் அனுப்பிய வறுத்த நெத்திலிப் பொதியும் வந்தது. தும்பை அதில் ஒரு பிடியை இலையில் மடித்து, பள்ளிக்கு எடுத்துச் சென்றாள். எல்லோருக்கும் கொடுக்கத்தான் எடுத்துச் சென்றாளாம். பிள்ளைகள் அதைப் பறித்து, நாரில் கோத்து மாலையாக்கி, அவள் கழுத்தில் போட்டு, மீன்ராணியின் ஊர்வலம் என்று கைதட்டிப் பாடிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி அவளை இழுத்து வந்தனர். அவள் அழவில்லையாம். உணவு வேளை முடிந்து வகுப்பு கூடியபோது அவள் இடம் காலியாக இருந்தது. மணலில் அந்த மாலை கிடந்தது.

முதலில் குளத்தைத் தேடினோம். அடிக்கடி குளித்தவள் ஆயிற்றே என்ற நினைப்புதான் அனைவருக்கும் முதலில் வந்தது. மூழ்கத் தெரிந்தவர்கள் இறங்கித் தாமரைக் கொடிகளை அறுத்தறுத்து மேலே எறிந்தார்கள். நான் படியில் நின்றேன். ஒவ்வொருவரும் நீரிலிருந்து எழும்போது அவர் கைகளைப் பார்த்தேன். தங்களுக்கு எழுத வேண்டிய சொற்கள் அப்போதே என் உள்ளத்தில் ஓடத் தொடங்கிவிட்டன. ஒன்றும் பொருந்தவில்லை.

அப்போது குயவர் மகள் நல்லாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன் வந்து நின்றாள். தும்பையோடு ஒரே வகுப்பில் படிப்பவள். அழுகையில் பாதிச் சொல் கேட்கவில்லை.

“வண்டிப்பேட்டைக்குப் போனா. நான் பார்த்தேன். சொன்னா என்னையும் ஒட்டுன்னு தள்ளி வச்சிருவாங்கன்னு சொல்லல.”

வண்டிப்பேட்டை வெறுமையாக இருந்தது. தங்கள் வண்டிகள் தினை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உச்சிவேளையிலேயே கணவாய் நோக்கிப் புறப்பட்டுவிட்டன.

அரசியே, கணவாய்ச் சாவடியில் நடைமுறையில் உள்ள ஆணையைத் தாங்கள் அறிவீர்கள். அதை எதிர்த்துத் தாங்களே ஓலை விடுத்ததுண்டு. இரும்பு கடத்துவோரைப் பிடிக்க, வெளியேறும் ஒவ்வொரு மூட்டையிலும் காவலர் ஈட்டியைச் செருகிப் பார்க்க வேண்டும் என்பது அது. எவர்க்கும் எதுவும் சொல்லாமல் குதிரை ஏறினேன். அந்த மலைப்பாதையில் என்னோடு யார் வந்தார்கள், யார் பின்தங்கினார்கள் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

நான் சாவடியைக் கண்டபோது முதல் வண்டி எல்லை கடந்திருந்தது. இரண்டாம் வண்டியின்மேல் காவலன் நின்று, ஈட்டியை மூட்டைகளில் இறக்கி இறக்கி எடுத்தான். துளைகள் வழியே தினை சக்கரத்தின்மேல் கொட்டியது. நிறுத்து என்று கத்தினேன். எதிர்க்காற்று சொல்லை என் வாயிலேயே திருப்பி அடித்தது. அவன் இறங்கினான். மூன்றாம் வண்டியில் ஏறினான். ஈட்டியை ஓங்கினான். குதிரையை அந்த வண்டியின் மாடுகள்மேலேயே விட்டேன். மாடுகள் மிரண்டு வண்டி குலுங்க, அவன் தடுமாறி என்னைப் பார்த்தான்.

மூட்டைகளை நானே இறக்கினேன். அடியில், காலியான உப்புச் சாக்கு ஒன்றுக்குள், முழங்காலைத் தாடையோடு சேர்த்துக்கொண்டு தும்பை இருந்தாள். கண்கள் திறந்திருந்தன. காவலன் ஈட்டியைத் தரையில் போட்டுவிட்டு, சக்கரத்தருகே அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

அவளை மடியில் வைத்துக்கொண்டு, ஈட்டி குத்தும் ஓசை கேட்டதா என்று கேட்டேன். தலையசைத்தாள். “பிறகு ஏன் கண்ணே கத்தலை?” என்றேன். என் காதருகே, மிக மெல்லச் சொன்னாள்:

“வாயத் தொறந்தா சிரிப்பாவ.”

மறுநாள் பள்ளிக்குச் சென்றேன். காவலரோடு உள்ளே வரக்கூடாது என்று வெள்ளைச்சியார் வாயிலிலேயே தடுத்தார். தனியே சென்று பிள்ளைகளோடு மணலில் அமர்ந்தேன். அவர் யாரையும் மிரட்டவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். நல்லாள்தான் முதலில் எழுந்தாள். “எல்லாரும் விளையாடினோம். நானுந்தான்” என்றாள். தொடங்கியது யார் என்று ஆசிரியை கேட்டபோது, நல்லாள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே நான் அறிந்துகொண்டேன்.

என் மகள் எழினி தலைகுனியவில்லை.

“ஆமா, நான்தான். அவங்க ஊர்க்காரங்கதானே அப்பாவைக் கொன்னாங்க? அவ மட்டும் இங்க வந்து சிரிச்சுக்கிட்டு இருக்கணுமா?”

கடற்கரைப் போரில் என் கணவர் வீழ்ந்ததைப் பற்றித் தங்களோடு நான் ஒருபோதும் பேசியதில்லை; இன்றும் பேசப்போவதில்லை.

பிரம்படி கொடுக்க வேண்டும் என்றார் அமைச்சர். அடித்தால் தும்பையின் மேல்தான் வன்மம் வளரும் என்றார் வெள்ளைச்சியார். நான் எழினியைக் குதிரையில் ஏற்றிக் கணவாய்க்கு அழைத்துச் சென்றேன். குத்துப்பட்டதால் வண்டிக்காரர்கள் விட்டுச் சென்ற மூட்டைகள் சாவடியில் கிடந்தன. துளைகளைக் காட்டினேன். ஒன்றில் விரலை விட்டாள். முழுக் கையும் உள்ளே போயிற்று. தும்பை எப்படிப் படுத்திருந்தாள், தலை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள். காட்டினேன். அவள் சாவடிக்குப் பின்னால் சென்று வாந்தியெடுத்தாள். திரும்பும் வழியில், என் முதுகில் முகம் புதைத்தபடி, “அவ செத்திருந்தா, நான் கொன்னதுதானே அம்மா?” என்று கேட்டாள். ஆம் என்றேன்.

பள்ளியில் இப்போது நடப்பவற்றையும் தாங்கள் அறிய வேண்டும். விளையாட்டு வேளையில் ஆசிரியர்கள் முற்றத்தை விட்டு அகல்வதில்லை. ஒருவரை மாட்டிவிடச் சொல்வது கோள்; ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது கோளன்று என்று வெள்ளைச்சியார் சிறியோருக்கு நாள்தோறும் கதைபோலச் சொல்கிறார். வேடிக்கை பார்த்துச் சிரித்தவர்களும் விளையாடியவர்களே என்பதை அவர்கள் ஏற்கத்தான் நாளாகிறது. முற்றும் சீராகிவிட்டது என்று எழுத மாட்டேன். சென்ற கிழமையில் தும்பையின் மணலில் யாரோ மீன் ஒன்றை வரைந்து வைத்தனர். ஆனால் இம்முறை, யார் என்று கேட்கும் முன்னரே மூவர் எழுந்து சொன்னார்கள்.

எழினி மன்னிப்புக் கேட்க வந்தாள். தும்பை சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழினியை நான் வெளியே அழைத்துச் சென்றுவிட்டேன். மன்னிக்கும்படி தங்கள் மகளை இங்கு எவரும் வற்புறுத்தார். தும்பை என் அறையில் உறங்குகிறாள். நல்லாள் மட்டும் பகலில் வந்து அருகே உட்கார்கிறாள். இருவரும் சோழி ஆடுகிறார்கள்.

அரசியே, இனி தங்கள் முடிவு. தும்பையைத் தாங்கள் அழைத்துச் செல்ல விரும்பினால் அதை உடன்படிக்கை மீறலாக நான் கொள்ளேன். அவள் போய்விட்டால் தங்கள் படைக்கும் என் நகருக்கும் இடையே எதுவும் நிற்காது என்று என் அவையோர் கூறுகின்றனர். உண்மைதான். ஆயினும் ஒரு பிள்ளையை அப்படி நிற்க வைத்து நாங்கள் காத்த காவல் எத்தகையது என்பதைக் கணவாயில் கண்டுவிட்டேன்.

தங்களுக்கு என்ன எழுதலாம் என்று இன்று காலை தும்பையிடமே கேட்டேன். யோசித்து, வாய்விட்டுச் சொன்னாள். அவள் சொன்னபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

“அம்மைய வரச் சொல்லுங்க. நா இருக்கதா போறதான்னு அம்மைய பாத்த பொறவு சொல்லுதேன்.”

இவ்வோலையோடு எல்லைத் தலைவர்களுக்கு நான் விடுத்திருக்கும் ஆணைகள் வருமாறு. மூட்டைகளை அவிழ்த்துக் கையால் பார்க்க வேண்டும். இனி ஒரு மூட்டையிலும் ஈட்டி நுழையலாகாது. உப்பங்கரை அரசி எத்தனை பேரோடு வரினும், படையோடே வரினும், கணவாய்க் கதவு திறந்திருக்க வேண்டும். அவருக்கு முன் வழி காட்டுவோர் கருவி ஏந்தலாகாது. அவருடைய மறுமொழி எத்துணைக் கடுமையாயினும், அதை அமைச்சரிடமோ ஓலைநாயகத்திடமோ தராமல் என் கையிலேயே தர வேண்டும்.

வேங்கைப்பூ முத்திரையை என் கையால் இட்டேன். ஓலை கொண்டுவருபவன் மறுமொழி பெறும்வரை தங்கள் வாயிலில் காத்திருப்பான். இங்கு நான் காத்திருக்கிறேன்.