பட்டுப்புடவையில் ஆஸ்பத்திரிக்கு

அக்கா,

ஈரேழு பதினாலு லோகத்தையும் சாட்சிக்கு அழைத்துச் சொல்கிறேன்: நான் எழுதப்போகும் கதையை ஒரு ஜீவனும் நம்பப்போவதில்லை. இன்று காலை என் மருமகள் எதையோ தேடி உன் பீரோவைத் திறந்தாள். உன் சந்தனப் பவுடர் வாசனை கிளம்பி, கோவிலம்பாக்கம் முழுக்கப் பரவி, ஏரிக்கரை நாய்களெல்லாம் குரைப்பதை விட்டு மூக்கைத் தூக்கின. உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு என்றால் நீ கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரிதான் கிளம்புவாய். வெறும் சளிக்கே கஞ்சி போட்ட புடவை. “அழுக்குத் துணியோட போனா நாதியத்தவன்னு மூலையில தள்ளிடுவான்டா. பாக்குறவனுக்கு ஒரு மரியாதி வரணும்” என்பாய். நெல் விளைந்த காலத்தில் நம் அம்மா போட்ட சட்டம். வயலெல்லாம் அபார்ட்மென்ட் ஆன பிறகும் நீ அதை மீறவில்லை.

அன்று காலை டிபன் வேளையில், இடது தோளைப் பிடித்துக்கொண்டு, “நெஞ்ச இன்னாமோ அமுக்கினு கீதுடா” என்றாய். முகமெல்லாம் வேர்வை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். “எல்லா வண்டியும் வெளிய போயிருக்கு சார், வந்ததும் அனுப்புறோம்” என்றார்கள். எதிர்வீட்டு ஆட்டோவை நான் கூட்டி வருவதற்குள் நீ முகம் கழுவி, தலை வாரி, பவுடர் பூசி, அரக்குப் பட்டு உடுத்தி வாசலில் நிற்கிறாய்!

“இன்னாக்கா இது?”

“வாய மூடினு வண்டில ஏறுடா.”

மேடவாக்கம் ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தை எட்டிப் பார்த்தால், பாதாள லோகத்து ராஜாக்கள் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்றார்கள். நாம் தாம்பரம் போய்ச் சேருவதற்குள் ஒரு யுகம் முடிந்து, அடுத்த யுகத்துக்குக் கொடியேற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அன்று அப்படித்தான். பூமியில் பிறந்தவர்களில் பாதிப் பேர் வராந்தாவில் இருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் ஒன்றுகூடக் காலியில்லை. இ.சி.ஜி. எடுக்க ஒரே மெஷின். அதற்கு முன்னால் திருப்பதி வரைக்கும் வரிசை. நம்மைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். முதுகு சாயாமல், முந்தானையை மடியில் விரித்து, மகாராணி மாதிரி உட்கார்ந்தாய். உன்னை விட்டுவிட்டு எல்லாரும் அலறுகிறவர்களிடம் ஓடினார்கள்.

ஒருவழியாக டாக்டர் வந்தார். சின்ன வயசு. முந்தின நாளிலிருந்தே வீட்டுக்குப் போகாத முகம்.

“என்னம்மா, எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் சார். நீங்க சாப்டீங்களா?”

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போலச் சொன்னாய், அக்கா! முன்பின் தெரியாத மனுஷனிடம் ‘நல்லா இல்லை’ என்று சொல்வது உன் கணக்கில் மரியாதை இல்லை. அவர் ஒரு நொடி நின்றார். “இன்னும் இல்லம்மா” என்றார். அதற்குள் விபத்தில் அடிபட்ட ஒருவனைத் தூக்கி வந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் விடுவேனா? நர்ஸம்மாவை மறித்தேன். “சிஸ்டர், நம்பாதீங்க! நெஞ்சுல இடி இறங்கிகீது. காலைலேர்ந்து ஏழு தபா செத்துப் பொழச்சிகீறாங்க!”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “ஏழு தடவை செத்தவங்க இவ்ளோ அழகா பவுடர் போட்டுட்டு வருவாங்களா சார்? வரிசைல இருங்க, கூப்பிடுவாங்க.”

நீ குறைத்துச் சொன்னாய், நான் கூட்டிச் சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொல்ல நம் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை.

“சும்மா இருடா, மானத்த வாங்காத” என்று என் கையைக் கிள்ளினாய். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். பேரைக் கூப்பிட்டபோது நீ எழுந்திருக்கவில்லை.

அதன்பின் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஸ்ட்ரெச்சரும் வந்தது. அந்த டாக்டர் உன் நெஞ்சை அமுக்கி அமுக்கி, வேர்த்து, கடைசியில் கையை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. “நல்லா இருக்கேன்னு சொன்னாங்களே” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. அவர்மேல் கோபப்பட முயன்று பார்த்தேன், வரவில்லை. யார்மேலும் வரவில்லை. கோபம் வந்தாலாவது பொழுது போகும்.

இப்போதெல்லாம் மாடி ஏறினால் எனக்கும் மூச்சு வாங்குகிறது. போன வாரம் மகன் அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். கூட்டம் குறையவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். வேறொரு டாக்டர், அதே களைப்பு. “எப்படி இருக்கீங்க பெரியவரே?” என்றார். இந்த ஊரிலேயே பெரிய வாய் எனக்குத்தானே? அண்டசராசரம் நடுங்க ஒரு வர்ணனை தயாராகத்தான் வைத்திருந்தேன்.

“நல்லா இருக்கேன் சார்” என்றேன்.

பாதாளத்து ராஜாக்கள் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கவில்லை, அக்கா. நாய்கள் மூக்கைத் தூக்கவில்லை. யுகம் எதுவும் முடியவில்லை. அதெல்லாம் என் கைச்சரக்கு, தள்ளிவிடு. உன் பதிலையே போன வாரம் நானும் சொன்னேன் பார், அது நிஜம்.