புகைத் தெருவின் படபடப்பு

மார்ச் 3
இன்று ஆஸ்பத்திரியில் என்னிடம் மனநல ஆலோசனைக்கு ஒரு தையல்காரம்மா வந்தார். ஆலைச் சுவரை ஒட்டிய தெருவில் வீடு. நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, மூச்சு முட்டுகிறது. "டாக்டர் மனசுதான் காரணம்னு உங்ககிட்ட அனுப்பிட்டாரு" என்றார். எல்லாருக்கும் சொல்வதையே சொன்னேன்: விடியற்காலையில் ஜன்னலைத் திறந்து வைத்து, ஆழமாக மூச்சை இழுத்து மெல்ல விடுங்கள். சொன்னதை அப்படியே செய்கிற மனுஷி.

மார்ச் 11
அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர். அதே படபடப்பு. ஒரு தெருவுக்கே ஒரே மாதிரியா மனசு கெட்டுப்போகும்?

மார்ச் 18
தையல்காரம்மாவால் பேசவே முடியவில்லை, அவ்வளவு இருமல். பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டேன்.

"ஒரு நாள் விடலீங்க. அந்த நேரத்துலதான் ஆலையில புகை விடுவாங்க, நாத்தம் குடலைப் புரட்டும். நீங்க சொன்னீங்களேன்னு நல்லா இழுத்துத்தான் விடறேன்."

அடிப்பாவி! என்னைத்தான் சொல்கிறேன். படித்துக் கிழித்தேன்! அந்தத் தெருப்பக்கம் ஒரு நடை எட்டிப் பார்த்தேனா?

"நிறுத்துங்க, ஜன்னலைச் சாத்துங்க" என்றேன்.

"சாத்தினாலும் வருதுங்களே" என்றார், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

மார்ச் 20
தலைமை மருத்துவரிடம் போய்ப் புகையைப் பற்றிப் பேசினேன். "நமக்கு ஏம்மா வம்பு? மனசுதான் நம்ம வேலை. ஆலையைப் பாத்துக்க வேற ஆள் இருக்காங்க."

மனசு என்ன அந்தரத்திலா தொங்குகிறது? அதுவும் அந்தத் தெருவில்தானே குடியிருக்கிறது? இதைக் கேட்க அங்கே வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, பாவம், கணவரிடம் கத்தினேன்.

ஏப்ரல் 2
தெருக்காரர்கள் ஆலை வாசலில் கூடியிருக்கிறார்கள். மேலாளர் சொன்னாராம்: "உங்க ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் மனப் பதற்றம்னு உங்களுக்கு வைத்தியம் பாக்குற அம்மாவே சொல்லிட்டாங்க."

என் பேச்சை வைத்தே அவர்கள் வாயை அடைத்துவிட்டான்.

ஏப்ரல் 10
தெருக்காரர்கள் கொடுத்த புகாரின் மேல் அதிகாரிகள் நடத்திய விசாரணையில் எழுந்து சொல்லிவிட்டேன்: நான் தப்பாகச் சொன்னேன், இவர்கள் பயப்படுவது நோயே இல்லை, விஷத்தைக் கண்டால் பயப்படத்தான் வேண்டும். மேலாளர் சிரித்தார். மாலைக்குள் ஆஸ்பத்திரியில் என் வேலை போயிற்று.

ஏப்ரல் 27
தையல்காரம்மா இறந்துபோய்விட்டார்.

மே 6
ஆலை இன்னும் ஓடுகிறது. வாசலில் தெருக்காரர்களோடு நானும் நின்றேன். காவலர்கள் தடியோடு நெருங்கியதும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. இத்தனை வருஷம் பிறருக்குச் சொன்ன ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தையல்காரம்மாவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்காக்கா? எங்களுக்கும்தான். கிட்ட வந்து நில்லுங்க."