நீ நீட்டிய ஒற்றை விரல்

இன்று ஆயுத பூஜை. காலையிலேயே உன் மகள் ஜாசின் ஊரிலிருந்து வந்து, "ஆண்ட்டி, இது ஒங்ககிட்டதான் இருக்கணும்னு அம்மா சொல்லியிருந்தாங்க" என்று நீ பந்து பிடித்த குளோவை என் மடியில் வைத்தாள். பழைய தோலும் தேங்காய் எண்ணெயும் கலந்த அதே வாசம். ரப்பர்த் தோட்டத்து வீட்டில் உன் அப்பாவின் பால்மரம் சீவும் கத்திக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் பொட்டிடுவாய். "கத்தி சோறு போடுது. இது என்னா போடுது?" என்று முணுமுணுப்பார். ஆனால் முதல் கற்பூரம் இதற்குத்தான் காட்டுவார்.

மாநில சாப்ட்பால் அணியில் நான் பந்து வீசுவேன். நீ முகமூடி மாட்டிக்கொண்டு மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பாய். முழங்கால்களுக்கு நடுவே ஒரு விரல் நீட்டினால், தயங்காமல் வேகமாகப் போடு என்று அர்த்தம். தைரியமெல்லாம் உன்னுடையது, பேர் மட்டும் எனக்கு.

இறுதி ஆட்டத்தில் மட்டையில் உரசிய பந்து உன் வலது ஆள்காட்டி விரலை உடைத்தது. நீ யாரிடமும் சொல்லவில்லை. கடைசி மட்டைக்காரி வந்து நின்றபோது நான் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னிடம் நடந்து வந்தாய்.

"கூட்டத்த ஏன்டி பாக்குற? என்னைப் பாருலா. நீ எப்படிப் போட்டாலும் நான் புடிச்சிருவேன்."

திரும்பிப் போய் அந்த விரலையே நீட்டினாய். போட்டேன், பிடித்தாய், ஜெயித்தோம். கோப்பையைத் தூக்கும்போதுதான் உன் விரல் வீங்கிக் கறுத்திருந்ததைப் பார்த்தேன். நான்தான் அழுதேன், நீ இல்லை.

விரல் பிறகு நிமிரவே இல்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா அந்த விரலையே பார்த்துவிட்டு, "சமைக்கத் தெரியுமா?" என்றார். "சமைப்பேன், பந்தும் புடிப்பேன்" என்றாய். மாப்பிள்ளை சிரித்துவிட்டார், கல்யாணம் முடிந்தது! பிள்ளை பெற்ற பிறகும் தொழிற்சாலை அணிக்கு ஆடினாய், முழங்கால் மறுக்கும்வரை.

ஆஸ்பத்திரியில் உனக்குக் குரல் போயிருந்தது. தைரியம் சொல்ல வந்த நான், கட்டிலோரம் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீ போர்வையின் மேல் அந்த வளைந்த விரலை நீட்டினாய்.

"நீ இல்லாம பயமா இருக்குடி" என்று சொல்லிவிட்டேன்.

மெல்ல, குளோ மாட்டும் இடது உள்ளங்கையை விரித்தாய். நான் அதில் முகம் புதைத்துக்கொண்டேன். அதுதான் கடைசி.

இன்று குளோவுக்குப் பொட்டிட்டுக் கற்பூரம் காட்டினேன். கையை உள்ளே விட்டால் எனக்குக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது. பயம் இன்னும் வருகிறது. வரும்போதெல்லாம் உன் விரலை நினைத்துத் தயங்காமல் வீசுகிறேன், நீ பிடித்துவிடுவாய் என்று.