சேற்றுப் பிணத்தின் வலது கால்

சூடேறிய விளக்குக்கு முன்னால் பிலிம் சுருள் ஓடும்போது ஒரு நெடி எழும். கருகிய கொம்புக்கும் அழுகத் தொடங்கிய பேரிக்காய்க்கும் நடுவில் உள்ள வாசனை என்று நீ அதைச் சொல்வாய். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் குன்னூரில் அந்த நெடி என் மூக்கில் ஏறியது. எங்கள் எஸ்டேட்டின் தேயிலைப் பெட்டிகளை ரயிலில் ஏற்றிவிட்டுச் சந்தைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். வாசலில் ஒருவன் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "சேத்துப் பொணம்! சீமையில எடுத்த சேத்துப் பொணம்!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது. துக்கத்துக்கு வந்தேன், உன் மனைவியிடம் இரண்டு வார்த்தை சொன்னேன், திரும்பிவிட்டேன். உனக்கென்று எழுத எதுவும் இல்லை என்றுதான் இருந்தேன். அந்தக் கூடாரத்துக்குள் போய் வந்த பிறகு எழுத வேண்டியதாகிவிட்டது.

நம் பழைய எஸ்டேட் கிளப்பில் படம் காட்டும் முறை உனக்கு நினைவிருக்கும். இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது அகப்பட்டால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று சொல்கிறேன். கூடத்துக்கும் பின் வராந்தாவுக்கும் நடுவில் இருந்த அகலமான வாசலில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். கூடத்தில் துரைமாரும் துரைசானிகளும் நாற்காலிகளில் இருப்பார்கள். படம் ஓட்டும் இயந்திரம் அவர்களுக்குப் பின்னால். குமாஸ்தாக்கள், ஸ்டோர்க்காரர், பாக்டரி ஆட்கள் என்று நாம் முப்பது பேர் துணிக்கு மறுபக்கம், வராந்தாவில் சாக்கு விரித்து உட்காருவோம். வெளிச்சம் நம் பக்கமும் ஊடுருவ வேண்டுமே, அதற்காக ஆட்டம் தொடங்குமுன் துணியின் மேல் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். படம் முடியும்வரை அது சொட்டிக்கொண்டே இருக்கும். முன்னால் இருப்பவர்களுக்குக் கால் விறைத்துவிடும்.

எல்லாம் ஊமைப் படங்கள். நடுநடுவே வரும் இங்கிலீஷ் எழுத்துகள் நமக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித் தெரியும். அவற்றைத் திருப்பிப் படித்துத் தமிழில் உரக்கச் சொல்வது என் வேலை. கோயமுத்தூர் காலேஜில் இண்டர்மீடியட் தேறியவன் அந்த வராந்தாவில் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, மறுக்கவில்லை. "இவனுக்கு நேரா எழுதிக் குடுத்தா வாசிக்கத் தெரியாதுங்க, திருப்பி எழுதினாத்தான் தெரியும்" என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

துணிக்குப் பின்னால் உட்காருவது போதும் என்று நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். எனக்குப் போதவில்லை. மனு எழுதினேன். கூடத்துக்குள், துரைமாரின் நாற்காலிகளுக்கும் பின்னால், நான்கு பெஞ்சு போட்டுத் தர வேண்டும். கேட்டது அவ்வளவுதான். ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்தேன். கையெழுத்துப் போடவில்லை. அனுப்புவதற்கு முன் உனக்கும் டீமேக்கர் பாய்க்கும் மட்டும் படித்துக் காட்டினேன். பாக்டரியில் தேயிலை பக்குவமாவதையும் இஞ்சின் ஓடுவதையும் பார்த்துக்கொண்டவர் அவர். நம் இருவரையும்விடப் பத்து வயது மூத்தவர்.

"இங்கிலீசு ரொம்ப நல்லாருக்குதுங்க," என்றார் பாய். "அதான் பயமா இருக்குது."

நீ சிரித்தாய். அந்த வருடம் பெரிய குமாஸ்தா ஓய்வு பெறவிருந்தார். வரிசைப்படி அந்த இடம் எனக்கு. எனக்கு அடுத்து நீ. எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மனு துரையின் மேஜைக்குப் போன வாரமே கிளப்புக்குச் சேற்றுப் பிணம் படம் வந்தது. ஒரே ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒரே ஒரு ஆட்டம். சதுப்பு நிலத்தில் அமிழ்த்திக் கொல்லப்பட்ட மணிக்காரன், கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து வருகிறான். ஒரு காலை இழுத்து இழுத்து வருவான். அவன் மேலிருந்து சேறு சொட்டியது, துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டும் ஒன்றாகவே இருந்தது. ஸ்டோர்க்காரர் என் தோளைப் பிடித்தவர் கடைசிவரை விடவில்லை. உன் இடம் என் பக்கத்தில். நீ வரவில்லை. படம் முடிந்து விளக்கேற்றியபோது வராந்தா ஓரத்தில் நின்றிருந்தாய்.

"எங்கடா போனே?" என்றேன்.

"ஆபீஸ்ல வேலை. லேட்டாப் போச்சு. தூணுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன்."

மறுநாள் மதியம் வழக்கம்போல இலை வாட்டும் மாடியில் கூடினோம். பறித்த இலையைப் பரப்பி வாட்டுகிற அந்த மேல்தளம்தான் எஸ்டேட்டிலேயே குளிராத இடம். நாம் பார்த்த படங்களில் எந்தப் பூதம் பெரியது என்ற வழக்கு அங்கே இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது. நீ உப்பு மனிதன் கட்சி. கடலில் செத்து, உப்பாக எழுந்து, தொட்டவரையெல்லாம் உப்பாக்குகிறவன். பாய்க்கு முகத்திரைச் சீமாட்டி. நான் அன்று முதல் சேற்றுப் பிணம்.

"உங்க உப்பு மனுசன் நம்மூர்ல ஆனி மாசம் தாண்ட மாட்டானுங்க," என்று பாய் உன்னைப் பிடித்தார். "ரெண்டு மழைக்குக் கரைஞ்சிருவான்."

"கரையட்டும் பாய். கரைஞ்சு ஓடைக்குப் போவான். ஓடையிலிருந்து துரை பங்களாக் குழாய்க்குப் போவான். அப்பத்தான் கதையே ஆரம்பிக்குது."

"பேயின்னா மூடியிருக்கோணுமுங்க. எங்க சீமாட்டி மாதிரி. தொறந்து காட்டிட்டா அது வெறும் நோவாளி."

"சேத்துப் பொணத்தை நம்ம தோட்டத்துல விட்டா அட்டை கடிக்குமுங்களா?" என்றார் ஸ்டோர்க்காரர். "கடிச்சா ரத்தம் வருமா?"

"அட்டை கடிக்கிறது இருக்கட்டும்," என்றாய் நீ. "சம்பளமில்லாம எந்திரிச்சு வர்ற ஆளுன்னு தெரிஞ்சா துரை இருபது பேரைத் தோண்டச் சொல்லிருவாரு. அதும் வலது கால் மொண்டி, ஓடியும் போவ மாட்டான்."

"இடது கால்," என்றேன் நான்.

"வலது காலுடா."

"இடது. நான் முன்வரிசையில இருந்தவன்."

கை தூக்கச் சொன்னோம். மாடியில் இருந்த அத்தனை பேரும் இடது காலுக்குக் கை தூக்கினார்கள். பாய் மட்டும் தூக்கவில்லை. படத்துக்குக் கரண்டு கொடுக்கும் இஞ்சினோடு இருந்ததால் படம் பார்க்கவில்லை என்றார். உன் பக்கம் ஒருவரும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். உன் முகம் மாறியது. தோற்ற கோபம் என்று நினைத்துக்கொண்டேன். "சரிப்பா, இடதுதான்" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "வலதுதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாய்.

பத்து நாளில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கம்பெனியின் இன்னொரு எஸ்டேட், நடுவட்டத்துக்கு மேலே. காரணம் எழுதவில்லை. "உங்களுக்கு இங்கிலீஷ் எழுதுவதில் விருப்பம் அதிகம். அங்கே அமைதியாக எழுதலாம்" என்று துரை வாயால் சொன்னார். எல்லாம் தெரிந்துதான் சொன்னார். பெரிய குமாஸ்தாவாக நீ ஆனாய். நான் அங்கே பதினாறு வருடமாக இரண்டாம் குமாஸ்தா. என்னைவிடக் குறைவாகப் படித்த மூன்று பேருக்குக் கீழே வேலை பார்த்துவிட்டேன். அவர்கள் எழுதும் கடிதங்களில் பிழை திருத்துகிறேன், கையெழுத்து அவர்களுடையது.

மனுவை எழுதியது யார் என்று துரையிடம் சொன்னவர் யார்? தெரிந்தது மூன்று பேருக்கு. என்னைத் தள்ளினால் இருவர். அடுத்த மாதம் பாய்க்கு ஓட்டு வீடு ஒன்று ஒதுக்கினார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவருடைய பழைய வீட்டுக் கூரை ஆடிக் காற்றில் பறந்துபோனதை நானே நேரில் பார்த்தவன். ஆனால் கோபத்தில் இருப்பவன் தனக்கு வேண்டியதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வான். அன்றிலிருந்து பாயோடு பேசவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு ஆள் விட்டு அழைத்தார். போகவில்லை. பெருநாளைக்கு அனுப்பிய பலகாரத்தைத் திருப்பி அனுப்பினேன்.

நீ வருடம் தவறாமல் வந்தாய். வர்க்கிப் பொட்டலத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, மூச்சு வாங்க மேலே ஏறி வருவாய். ஊர்ச் சேதி எல்லாம் முடிந்ததும் பழைய வழக்குக்கு வந்துவிடுவாய்.

"அது வலது காலுடா."

"இன்னும் விடலையா நீ?"

"ஒரு தடவையாவது, உனக்கு எப்படித் தெரியும்னு கேளேன்."

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது? இருபது பேரு பார்த்தது உன் கண்ணுக்கு மட்டும் மாறித் தெரிஞ்சுது. கண்ணாடி போடு."

நீ சிரிக்க மாட்டாய். பிடிவாதக்காரன் என்று நினைப்பேன். போன வருடம், நிமோனியாவில் விழுவதற்கு முன் கடைசியாக வந்தபோதும் கேட்டாய். நான் வர்க்கியைத் தேநீரில் நனைத்துக்கொண்டு, வேறு பேச்சு எடுத்தேன்.

குன்னூர்க் கூடாரத்தில் படம் ஓடத் தொடங்கியது. மணி அடித்தது, சேறு குமிழியிட்டது, பிணம் எழுந்தது. திரையின் தவறான பக்கத்திலிருந்து வந்தது. வலது காலை இழுத்துக்கொண்டு வந்தது. படக்காரன் சுருளைத் திருப்பி மாட்டிவிட்டான் என்று எழுந்து கத்தப் போனேன். அதற்குள் எழுத்து வந்தது. நேராக இருந்தது. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் தடங்கலில்லாமல் வாசித்தார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுத்துகள் திரும்பித் தெரிகின்றன என்று தெரிந்து, அதைத் திருப்பிப் படித்துப் பேர் வாங்கியவன் நான். கால் மட்டும் திரும்பாமல் தெரியுமா என்று பதினாறு வருடம் எனக்குத் தோன்றவில்லை. மாடியில் கை தூக்கிய ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்தவர்கள். அந்தப் படம் ஒரு முறைதான் வந்தது. அதில் வலது காலைப் பார்த்திருக்க வேண்டுமானால், பார்த்தவன் துணிக்கு முன்னால், கூடத்துக்குள் இருந்திருக்க வேண்டும். நம்மில் எவனுக்கும் அனுமதியில்லாத இடத்தில், நான் மனுக் கொடுத்த அதே வாரத்தில்.

படம் முடியக் காத்திருக்கவில்லை. பாய் இப்போது குன்னூரில் ரயில் நிலையத்துக்கு மேலே மகன் வீட்டில் இருக்கிறார். அது தெரிந்து எத்தனையோ தடவை அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போயிருக்கிறேன். அன்று நேராகப் போனேன். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க வாங்க. ஊடு தெரிஞ்சுதுங்களா?"

"பாய், அது வலது கால்."

அவருக்கு ஒரு விநாடிதான் பிடித்தது. பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். "பார்த்துட்டீங்களா! இருந்தாலும் எங்க சீமாட்டிக்கு அது ஈடாவாதுங்க."

"அன்னிக்கு அவன் கூடத்துக்குள்ள இருந்தானா?"

சிரிப்பு நின்றது. "இருந்தாருங்க. வெளக்கு மங்குதுன்னு என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. உள்ள போனப்பப் பார்த்தேன். அப்ப ஒண்ணும் விளங்கலை. உங்களை மாத்தினப்பறந்தான் விளங்குச்சு."

"ஏன் பாய் எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க எங்கூடப் பேசினாத்தானுங்களே சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. மருமகளைக் கூப்பிட்டுத் தேநீர் வைக்கச் சொன்னார். "தப்பு என்னுதுங்க" என்றேன். "அதுக்கென்னங்க, டீ ஆறுது" என்றார். பதினாறு வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு.

கிளம்பும்போது கேட்டேன். நெடுநாள் வஞ்சம் வைத்துப் பழகியவனுக்கு விவரம் முழுவதும் வேண்டும். "எந்த நாற்காலியில உக்காந்திருந்தான் பாய்?"

"நாற்காலியா?" பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கீழங்க. கணப்புக்குப் பக்கத்துல துரையோட நாய் படுத்திருக்குமில்லீங்க, அது பக்கத்துல. முழங்காலைக் கட்டிக்கிட்டு இருந்தாரு."

உன்னை மன்னித்தேன் என்று எழுத எனக்கு வரவில்லை. பெரிய குமாஸ்தா இடம் எனக்குரியது. இன்றும் அப்படித்தான் சொல்வேன். உன்னை உள்ளே கூப்பிட்டு என்ன கேட்டார்கள், மிரட்டினார்களா, நீயாகவே சொன்னாயா, எனக்குத் தெரியாது. வருடா வருடம் அதைச் சொல்லத்தான் மலையேறி வந்தாய் என்று இப்போது தெரிகிறது. வாய் திறந்து சொல்லியிருக்கலாம். நான் கேட்டால்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டாய். அதுவும் உன் குற்றம்தான்.

பாயின் மேல் வைத்திருந்த கோபத்தை எடுத்து உன் மேல் வைக்க ஒரு வாரமாகப் பார்க்கிறேன். வைத்ததும் நாய்க்குப் பக்கத்தில் நீ முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைத் தூக்கித் துணியைப் பார்ப்பது தெரிகிறது. என் கோபம் உன் மேல் நிற்காமல் உனக்குப் பின்னால் இருக்கிற நாற்காலிகளுக்குப் போய்விடுகிறது. அதை இப்படியே வைத்துக்கொண்டிருக்கப் போகிறேன். என்னைக் காட்டிக்கொடுத்ததற்கு உனக்கு ஒரு பெஞ்சாவது போட்டுக் கொடுத்திருக்க வேண்டும் அவர்கள்.