மலரு கையில் இருந்த இரத்தம்

வத்தேகம,
12.01.1999

அன்புத் தங்கை தவமலருக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உன் அண்ணிக்குக் கால் வீங்குகிறது. தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர் அசதி என்று மாத்திரை கொடுத்தார். ஆகஸ்டில் நீ வந்தபோது உன் ஆராய்ச்சிக்காக, குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக் காம்பராவில் பெண்களிடம் இரத்தம் எடுத்தாயே, முதலில் கை நீட்டியவள் அவள். மூன்று மாதத்தில் முடிவு வரும் என்றாய். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "என் ரத்தந்தான் மலரு கையில இருக்கே. ஏதாச்சும் இருந்தா சொல்லாம இருப்பாளா?" என்கிறாள். நாத்தனார் மேல் அவ்வளவு பெருமை. ஒரு வரி எழுதிப் போடம்மா.

அன்பு அண்ணன்
சுந்தரலிங்கம்

கிளாஸ்கோ,
02.02.1999

அன்புள்ள அண்ணாவுக்கு,

மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர் என்று ஊரில் பீற்றிக்கொள்ளலாம். கலாநிதிப் பட்டம் வாங்கியும் எனக்கு ஒப்பந்த வேலைதான். ஏப்ரலில் புது ஒப்பந்தத்தில் பேராசிரியர் கையெழுத்துப் போடாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். இரத்தக் குழாய்களில் பெயர் இல்லை, இலக்கம்தான். யாருடையது என்று பார்ப்பதும் வெளியே சொல்வதும் இங்கே குற்றம். என்னை நெருக்காதீர்கள். அண்ணி ஓய்வெடுக்கட்டும். உப்பைக் குறைக்கட்டும்.

அன்புத் தங்கை
தவமலர்

வத்தேகம,
09.03.1999

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "பாத்தீங்களா, ஒண்ணுமில்லாததாலதானே ஓய்வெடுக்கச் சொல்றா" என்று சிரித்தாள். இப்போது முகமும் வீங்கியிருக்கிறது. கொழுந்துக் கூடையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. எனக்கு உன் மேல் கோபம் வருகிறது, மலரு. முடிவைச் சொல்லவே வேண்டாம். "ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணி" என்று மட்டும் எழுது. நான் சொல்லி அவள் கேட்கமாட்டாள். நீ சொன்னால் எழும்புவாள்.

அண்ணன்
சுந்தரலிங்கம்

கிளாஸ்கோ,
20.04.1999

அண்ணா,

நேற்றுப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் இரண்டு வருடம் இருப்பேன். அண்ணியை உடனே கண்டிக்குக் கொண்டு போங்கள். அவங்க சிறுநீரகம் இரண்டும் கெட்டிருக்கிறது. ஆகஸ்டில் எடுத்த இரத்தத்திலேயே தெரிகிறது. அண்ணி, தயவுசெய்து போங்க. அண்ணா, இந்தக் கடிதத்தை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்.

மலரு

வத்தேகம,
10.05.1999

தவமலருக்கு,

உன் அண்ணி அங்கம்மாவை அடக்கம் செய்த பிறகு உன் கடிதம் வந்தது. டவுனில் ஹலீம் நானா கடையில் டெலிபோன் இருக்கிறது. தீபாவளிக்கு அதில்தான் எங்களோடு பேசினாய். நீ எதற்காகக் காத்திருந்தாய் என்று விளங்க எனக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிந்திவிட்டது என்றார்கள். மூச்சு முட்டும்போதும், "மலரு கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டாள்.

வந்தது என்றேன்.

"என்ன எழுதியிருக்கா?"

"ஒண்ணுமில்லையாம், பயப்பட வேணாமாம்."

"நான் சொன்னேன்ல" என்றாள். அப்புறம் பேசவில்லை.

இரத்தம் கொடுத்த மற்றப் பெண்கள் உன் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களை நானே ஒவ்வொருவராகக் கண்டிக்குக் கூட்டிப் போகிறேன். நீ இனி எழுத வேண்டாம்.

சுந்தரலிங்கம்