தயிரை விட்ட மகளுக்கு

மாசாணியம்மன் துணை

போத்தனூர்,
17-11-1996

அன்பு மகள் கோமளாவுக்கு அம்மா தெய்வாத்தாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. நேற்றுத்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டது. தோசைதான் இன்னும் திருப்ப வரவில்லை. இத்தனை நாளும் வீட்டுக் கணக்கை எழுதிய உன் அப்பா, மளிகையையும் மாட்டுத் தீவனத்தையும் ஒன்றாகக் கூட்டி வைத்திருக்கிறார்.

கோலம் போட்டு எழும்போது தடுமாறிக் கையை ஊன்றினேன், அவ்வளவுதான். அதற்கே முறிந்தது என்றால் எலும்பு உள்ளே மெலிந்துவிட்டது என்றார் டாக்டரம்மா தாஜுன்னிசா. மாதவிலக்கு நின்றபின் பல பெண்களுக்கு வருமாம். பால், தயிர் சேர்ப்பதுண்டா என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் உன் அப்பா, "ஊட்டுல ரெண்டு மாடு நிக்குதுங்க. ஊரே குடிக்குது, இவ மோந்துகூடப் பாக்க மாட்டாளுங்க" என்று போட்டுக் கொடுத்துவிட்டார்.

உனக்கு ஆறு வயதில் விஷக்காய்ச்சல் வந்தபோது, பிள்ளை பிழைத்தால் பாலும் தயிரும் தொடமாட்டேன் என்று ஆனைமலை மாசாணியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அதைச் சொன்னபோது டாக்டரம்மா கோபப்படவில்லை. "ராகி, எள்ளு, கீரை சேத்துங்க, மாத்திரை தாரேன், காலை வெயில்ல நடங்க" என்றார்.

இந்த நிலையில்தான் உன் கடிதம் வந்தது. அம்மாவின் எலும்பு பலப்படும்வரை நீ பால், தயிர் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டாயாமே! டாக்டரம்மாவிடம் ஓடினேன். இளவயதில் சேர்ப்பதைத்தான் வயதான காலத்தில் எலும்பு செலவழிக்கிறது, முதலில் மகளைத் தடுங்கள் என்றார். உன் அப்பாவோ, "நீ உடாப்பிடியா இருந்துட்டு அவளை மட்டும் மாறச் சொன்னா கேப்பாளா? உன்ற மகளாச்சே" என்றார்.

போன வாரம் வெள்ளிக்கிழமை ஆனைமலை கோவிலுக்குப் போனோம். பூசாரி சிரித்துவிட்டார். "அம்மனுக்கே பாலபிஷேகம் பண்றோம். நீங்க குடிச்சா கோவிச்சுக்குவாளாக்கும்?" என்றார். அபிஷேகப் பாலை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தேன். தொண்டையில் இறங்குமுன் உன் முகம்தான் வந்தது.

அன்று சாயங்காலம் காரணமே இல்லாமல் அப்பா போன் செய்து, காய்ச்சல் எதுவும் இல்லையே என்று கேட்டாரே, அது நான் கேட்கச் சொன்னது. பூத்துக்கு வெளியே நின்றிருந்தேன். உனக்கு ஒன்றுமில்லை, மாப்பிள்ளையோடு சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அவர் வந்து சொன்னபின்தான் மூச்சு வந்தது.

இப்போது தினமும் ஒரு டம்ளர் பால் குடிக்கிறேன். விடிந்ததும் அப்பாவோடு ரயில்வே கேட் வரை நடக்கிறேன்.

அம்மனிடம் நான் பேசிவிட்டேன் கண்ணு. உன் வேண்டுதல் இனி வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தயிர்ச்சோறு சாப்பிடு. சாப்பிட்டாள் என்று மாப்பிள்ளையையும் ஒரு வரி எழுதச் சொல். என் வயதிலும் நீ முதுகு வளையாமல் நடக்க வேண்டும், தாயே.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா