உருமால் கட்டியாச்சாம்

நவம்பர் 9, 2024

அப்பாவுக்கு இன்று பதினாறாம் நாள் காரியம். கரடியூரில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, சின்னையன் சித்தப்பா அண்ணன் சிவக்குமாரின் தலையில், வாரிசுக்குக் கட்டும் உருமால் துணியைக் கட்டினார். கட்டிய கையோடு, "இனி ஊடு, தோட்டம் எல்லாத்துக்கும் இவன்தான்" என்றார்.

அப்பாவின் உயில் அப்படிச் சொல்லவில்லையே. மேல் தோட்டம் அண்ணனுக்கு. வீடும் கீழ்த் தோட்டமும் அப்பாவின் இரண்டாம் சம்சாரம், மாதம்மா சின்னம்மாவுக்கு. எனக்கு ஒன்றுமில்லை. அதை நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் என் தலையில். அப்பாவுக்கு எவ்வளவு குசும்பு!

நவம்பர் 14

உயிலைப் படித்துக் காட்டினேன். அண்ணன் சிரிக்கிறான். "உருமால் கட்டியாச்சு புள்ள. அப்புறம் பேப்பர் எதுக்கு? உனக்கே ஒண்ணுமில்ல, நீ ஏன் குதிக்கற?"

உருமால் கட்டினால் சொத்து வந்துவிடும் என்று நிஜமாகவே நம்புகிறான். எனக்கு ஒன்றுமில்லாததால்தானே அப்பா என்னைப் போட்டார்? குதிக்கத்தான் செய்வேன்.

நவம்பர் 20

நான் வேலை பார்க்கும் லாட்ஜுக்கே சித்தப்பா வந்துவிட்டார். "பின்னால வந்தவளுக்கு ஊடு எதுக்கு சாமி? கையெழுத்துப் போட்டு ஒதுங்கிக்க."

பின்னால் வந்தவளாம். அம்மா போன பிறகு எங்களுக்குச் சோறு போட்டது யாரு? அப்பா படுக்கையில கிடந்தப்ப குளிப்பாட்டினது யாரு? இவரா?

நவம்பர் 21

மாட்டேன்.

டிசம்பர் 3

கீழ்த் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களை அண்ணன் விற்றுவிட்டானென்று சின்னம்மா போனில் அழுதாள். முதல் பஸ்ஸில் போனேன். லாரி நிற்கிறது, ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. அதில் படர்ந்திருந்த மிளகுக் கொடியும் போச்சு. சரம் சரமா காய். பாவி, பாவி.

மர வியாபாரியிடம் உயில் நகலைக் கொடுத்தேன். "இன்னொரு மரத்தைத் தொட்டா நீங்களும் கோர்ட்டுக்கு வரோணுங்க."

அவர் அண்ணனிடம் திரும்பினார். "ஏனுங்க, உங்களுதுன்னுதானே சொன்னீங்க?"

லாரி காலியாக மலையிறங்கிப் போனது. விழுந்த மரத்துக்கும் அண்ணன் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டிசம்பர் 28

மேல் தோட்டத்துப் பத்திரத்தை அண்ணனிடம் கொடுத்தேன். அவன் பங்கு அவனுக்கு. வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். போனால் போகட்டும்.

ஜனவரி 19, 2025

சின்னம்மாவோடு காப்பிப் பழம் பறிக்கப் போனேன். சித்தப்பா வந்து, நொம்ப நேரம் வெயிலைப் பற்றியே பேசினார். பிறகு மெதுவாக, "நானும் ஒரு உயில் எழுதோணும் சாமி. எம் பசங்க இப்பவே என் தோட்டத்துக்கு வெலை பேசறானுங்க. பொறுப்புக்கு உம்பேரைப் போடட்டுமா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"போடலாமுங்க. பின்னால வந்தவள்னு சொன்னீங்களே, அவங்க அங்கதான் இருக்காங்க. முதல்ல அவங்ககிட்டப் பேசிட்டு வாங்க."

சித்தப்பா செடிகளை விலக்கிக்கொண்டு சின்னம்மா இருந்த பக்கம் போனார்.